செவ்வாயும் வெள்ளியும் வந்த சத்தம்

அந்தப் பகுதியில் அவளை எல்லோரும் டிரெஸ்ஸிங் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் முதுகைப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைப்பது என்று வீடு வீடாகப் போய்ச் செய்கிற நர்ஸ் அவள். புதிதாகக் குடிவந்த ஒரு பெண் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, தங்கை கல்யாணத்துக்கு அலங்காரம் செய்துவிட வருவீர்களா என்று போன் செய்தாள். "வர்றேன். பொண்ணுக்கு எங்கே புண்ணுன்னு மட்டும் சொல்லுங்க" என்று அக்கா சொன்ன பதில் அந்தத் தெருவில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

வயது நாற்பத்தாறு. அவளுக்குப் பிடிக்காத வார்த்தை 'போல'. காய்ச்சல் அடிக்கிறது போல என்று யாராவது சொன்னால், அடிக்கிறதா இல்லையா, அடித்தால் எத்தனை டிகிரி என்று கேட்பாள். சீழ் குறைந்திருக்கிறது போல என்றால், நேற்று எத்தனை பஞ்சு நனைந்தது, இன்றைக்கு எத்தனை என்று கேட்பாள். இதனால் சில வீடுகளில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்றும் பெயர் உண்டு. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. புண் ஆறுகிறதா என்பதுதான் அவள் கணக்கு.

பதினோரு வருடம் உழைத்த ஸ்கூட்டர் ஒரு நாள் மூச்சை நிறுத்திக்கொண்டது. அதே மாதத்தில்தான் அவளுடைய தம்பி கப்பல் வேலைக்குக் கிளம்பினான். எஞ்சின் அறையில் வேலை, திரும்பிவர ஒன்பது மாதமாகும். தன் காரை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிறச் சின்னக் கார். பார்த்தாலே தெரியும், சாதாரணக் கார் இல்லை என்று. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். டயருக்கும் அதற்கு மேலே இருக்கிற மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும், மூன்றாவது விரல் நுழையாது. கம்பெனி போட்ட ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றி எறிந்துவிட்டு, உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற வேறு செட்டை வாங்கி, இரண்டு விடுமுறை முழுக்கக் காருக்கு அடியிலேயே கிடந்து தன் கையாலேயே இறக்கியிருந்தான்.

சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "எது வேணா பண்ணிக்கோக்கா. உயரத்தை மட்டும் மாத்திடாதே." அக்காவும் சரி என்றாள். உயரத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வேகத்தடையும் காரின் வயிற்றைத் தடவிப் பார்த்தது. நேராகப் போனால் இடிக்கும் என்பதால் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டாள். அதற்குள் பின்னாலிருப்பவர்கள் ஹாரனைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். சர்க்கரைப் புண்காரர் ஒருவர் வீட்டு வாசலில் சரிவு அதிகம். காரை ஏற்ற முடியாமல் தெருமுனையில் நிறுத்திவிட்டு, மருந்துப் பெட்டியையும் சலைன் பாட்டில் அட்டைப்பெட்டியையும் இரண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு போனாள். கார் வந்தபிறகு, ஸ்கூட்டர் இருந்த காலத்தைவிட அதிகமாக நடந்தாள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். தம்பி ஆசையாகக் கொடுத்தது. மழைக்கு நனையாமல் போக முடிகிறது. பொறுக்க முடியாமல் போனது அந்தச் சத்தம்.

மூன்றாவது மாதம் ஆரம்பித்தது. முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து, மரக்கட்டையால் இரும்பைத் தட்டியது மாதிரி, 'டொக்'. ஒருமுறைதான். திரும்ப வராது. அப்புறம் நாலு தெரு தள்ளி இன்னொரு பள்ளத்தில், 'டொக்'. பாதம் வழியாக முழங்கால் வரைக்கும் ஏறும். ஒருநாள் முழுக்க வரும். அடுத்த நாள் அதே தெரு, அதே பள்ளம், சத்தமே இருக்காது.

கடைத்தெரு ஓரத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனாள். விடுமுறை நாளென்று வீட்டுக்காரரும் கூட வந்தார். அவருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை. வால்வு திறப்பதும் மூடுவதும் அளவைக் குறிப்பதும்தான் வேலை என்பதாலோ என்னவோ, எதற்கும் பதறாத மனிதர். ஒர்க்‌ஷாப்காரர் ஓட்டுகிறவளை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா நின்ற அவரிடமே எல்லாக் கேள்வியும் கேட்டார். எப்போ சத்தம் வருது சார், பிரேக் போட்டா வருதா சார். வீட்டுக்காரர் ஒவ்வொரு கேள்விக்கும் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா பதில் சொன்னாள். ஒர்க்‌ஷாப்காரர் அந்தப் பதிலை வீட்டுக்காரரைப் பார்த்தே தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

அவர் தனியாக ஓட்டிப்பார்த்துவிட்டு வந்து, எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். இருந்தாலும் ஏதோ ஒரு புஷ் தேய்ந்திருக்கிறது போல என்று சொல்லி அதை மாற்றினார். 'போல' என்றதுமே அக்காவுக்குச் சுள்ளென்று ஏறியது. மூன்று நாள் சத்தம் இல்லை. நாலாம் நாள் வந்தது. திரும்பப் போனாள். அவர் திரும்ப ஓட்டிப்பார்த்தார், திரும்ப ஒன்றும் கேட்கவில்லை, ஏதோ ஒரு லிங்க் கம்பியை மாற்றினார். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. மூன்றாவது முறை போனபோது அவர் வண்டியில் ஏறக்கூட இல்லை. இறக்கின வண்டி என்றால் அப்படித்தான் ஏதாவது சத்தம் போடும், நீங்கள் அதையே உற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ரேடியோவைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் என்றார்.

வலிக்கிறது என்று சொல்லுகிற நோயாளியிடம், எங்கே எப்போது என்று கேட்காமல் மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர்களை வார்டில் நிறையப் பார்த்தவள் அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே கழுவினாள். வீட்டுக்காரர், "விடு, தம்பி வந்தா பாத்துக்குவான்" என்றார். தம்பி வர இன்னும் ஆறு மாதம். இந்த மனிதர் 'விடு' என்று சொல்லாத நாள் உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போனில் கிடைப்பான். அதுவும் கப்பலில் சிக்னல் இருந்தால். சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் குரலே மாறிவிட்டது. அவள் வேகமாக ஓட்டுகிறாளாம். பள்ளத்தைப் பார்த்து ஓட்டத் தெரியவில்லையாம். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதை அளந்துதான் இறக்கியிருக்கிறேன், இடிக்க வாய்ப்பே இல்லை என்று அடித்துச் சொன்னான். எப்படி அளந்தாய் என்று அவள் கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

அன்றைக்குத்தான் அவள் தன் விசிட் நோட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தாள். எந்தத் தேதியில் எந்த வீடு, யாருக்கு என்ன செய்தாள் என்று எல்லாம் அதில் இருக்கும். இனிமேல் சத்தம் வந்த இடத்தையும் அதிலேயே ஓரத்தில் குறிப்பது என்று வைத்துக்கொண்டாள். மூன்று வாரம் எழுதினாள். நாலாவது வாரம் பக்கங்களைப் புரட்டியபோது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது, இத்தனை நாள் இது தெரியாமல் போயிற்றே என்று. செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் சத்தம் வந்திருந்தது. மற்ற நாட்களில் ஒருமுறைகூட இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவளோடு பிசியோ வருவான்.

முப்பது வயதுப் பையன்தான், பிசியோதெரபி வேலை. பக்கவாதத்தில் விழுந்த பழைய பஸ் கண்டக்டர் ஒருவர் வீட்டுக்கும், இடுப்பு எலும்பு ஆபரேஷன் செய்த ஒரு அம்மா வீட்டுக்கும் இருவரும் சேர்ந்தே போவது வழக்கம். வழியில் ஏற்றிக்கொள்வாள். முன்பக்கம், இடது சீட். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம், அதற்கும் மேலே கொஞ்சம். நூறு கிலோவுக்குக் குறையாது. கண்டக்டரை ஒரு கையால் தூக்கி உட்காரவைப்பான். அந்த வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டால் உட்காரமாட்டான், நின்றுகொண்டே வேலை செய்வான். ஒருமுறை ஒரு வீட்டில் நாற்காலி கால் விரிந்து விழுந்து, அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்ததிலிருந்து அப்படி. அக்கா அப்போது பக்கத்திலேயே இருந்தாள்.

ஆக, சத்தத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்தது போல இருந்தது. போல என்பது அவளுக்குப் போதாது. பரிசோதித்துத்தான் பார்க்கவேண்டும். ஆனால் அவனை உட்காரவைத்துப் பரிசோதிப்பது எப்படி? உன் எடையால் என் கார் இடிக்கிறதா பார்க்கவேண்டும், கொஞ்சம் வா என்று எந்த வாயால் கூப்பிடுவது?

அடுத்த ஞாயிறு தம்பி கிடைத்தபோது எடுத்த எடுப்பில் கேட்டாள். "சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம் இருக்குன்னு எப்படி அளக்குறது? அதை மட்டும் சொல்லு."

"உனக்கு எதுக்குக்கா அதெல்லாம்?"

"நீ அளந்தேன்னு சொன்னேல்ல. நானும் அளக்குறேன்."

அவன் சிரித்தான். கொஞ்சம் ஏளனமான சிரிப்புத்தான். ஆனால் தனக்குப் பிடித்த விஷயம் என்பதால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சக்கரத்தைக் கழற்றினால் ஸ்பிரிங்குக்கு நடுவே ஷாக்கின் தண்டு பளபளவென்று தெரியும். கார் பள்ளத்தில் இறங்கும்போது அந்தத் தண்டு கீழே இருக்கிற குழாய்க்குள் போகும். தண்டின் உச்சியில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும், குழாய் கடைசிவரைக்கும் ஏறிவந்தால் இரும்பில் மோதாமல் அதில் மோதுவதற்காக. தண்டைச் சுற்றி வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்றைப் போட்டுக் கீழே குழாய் விளிம்புவரை தள்ளிவிட வேண்டும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், குழாய் அந்த டையை எவ்வளவு உயரத்துக்குத் தள்ளியிருக்கிறதோ அதுதான் சக்கரம் ஏறின உயரம். டைக்கும் ரப்பருக்கும் நடுவில் இருப்பது மிச்சமிருக்கிற இடம். ஜாக்கியை மட்டும் நம்பாதே, கழற்றின சக்கரத்தைக் காருக்கு அடியில் தள்ளி வை என்று கடைசியில் அக்கறையாகவும் சொன்னான்.

கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. அந்த ஞாயிறே ஆரம்பித்தாள். சக்கரத்து நட்டு அசைய மறுத்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று குதித்தாள். வீட்டுக்காரர் வந்து அவரும் ஏறி நின்றார். நாலு நட்டில் மூன்று வந்தது, நாலாவதுக்கு அரைமணி நேரம். சக்கரம் கழன்றபிறகு பார்த்தால் கை நுழைகிற இடம் இல்லை. ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே விரல் போகும், டை போகும், டையின் மறுமுனையைப் பிடித்து இழுக்க இன்னொரு விரல் போகாது. ஏழு முறை முயன்று, கடைசியில் ரத்தக் குழாயைக் கவ்வுகிற வளைந்த இடுக்கியைப் பெட்டியிலிருந்து கொண்டுவந்து முனையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கட்டுப் போட்ட திருப்தி வந்தது.

சக்கரத்தைத் திரும்ப மாட்டி, இரண்டு தெரு சுற்றிவந்து, திரும்பக் கழற்றிப் பார்த்தால் டை குழாய் விளிம்பிலேயே இருந்தது. ஓர் இம்மிகூட ஏறவில்லை. அதாவது, கார் இந்தத் தெருவிலெல்லாம் ஓடியும் சக்கரம் அசையவே இல்லை என்று அர்த்தம். இடுக்கியால் டையைத் தொட்டாள். வளையல் மாதிரிச் சுழன்றது. இறுக்கிக் கட்டவில்லை. ஏறின டை, கீழே சரிந்து விழுந்திருக்கிறது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் வீண்.

அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. கண்டக்டருக்கு மூத்திரக் குழாய் அடைத்துக்கொண்டதாம், வயிறு கல்லாக இருக்கிறதாம், உடனே வரவேண்டுமாம். கார் ஒரு காலைத் தூக்கின நாய் மாதிரி ஜாக்கியில் நின்றது. ஆபரேஷனுக்குக் கை கழுவுகிற சோப்பைப் போட்டு முழங்கைவரை தேய்த்தும் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை. இரண்டு ஜோடிக் கையுறை மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனாள். பஸ் ஒவ்வொரு வேகத்தடையையும் அலட்சியமாகத் தாண்டியது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. பக்கத்து சீட்டுக்காரி அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் விட்ட இடத்தில் பிடித்தாள். இந்தமுறை டையை நன்றாக இறுக்கி, தள்ளினால்தான் நகரும்படி வைத்தாள். வீட்டுக்காரரிடம் இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் ஐந்து வேண்டும் என்றாள். எதற்கு என்று அவர் கேட்டார். பிசியோவுக்குப் பதிலாக என்றாள். அவர் முதல்முறையாக விடு என்று சொல்லாமல் போய்க் கேன்களைக் கொண்டுவந்தார். உண்மையில் அன்று காலை முழுக்க நட்டுகளைக் கழற்றியதும் மாட்டியதும் அவர்தான். கேட்டால் செய்கிற மனிதர்தான். கேட்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் காலியாக ஓட்டினாள். தெருமுனை வேகத்தடை, மருந்துக்கடைக்கு எதிரே இருக்கிற பள்ளம், பள்ளிக்கூடத்துச் சுவரோரம் தோண்டி மூடாமல் விட்ட குழி. திரும்பிவந்து அளந்தாள். டை ஏறியிருந்தது. அதற்கு மேலே, ரப்பரை மூடியிருக்கிற இரும்புக் கிண்ணத்தின் விளிம்புவரை, ஒன்றரை சென்டிமீட்டர் பாக்கி இருந்தது. ஒர்க்‌ஷாப்காரருக்கு ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. டையைத் திரும்பக் கீழே தள்ளினாள். இடது சீட்டில் இரண்டு கேன், கால் வைக்கிற இடத்தில் மூன்று. மேலே இருந்த இரண்டுக்கும் சீட் பெல்ட் போட்டாள். அதே தெரு, அதே வேகம். வேகத்தடையில் ஒன்றுமில்லை. பள்ளத்தில், 'டொக்'. குழியில், 'டொக்'. இத்தனை வாரமாக எரிச்சல் மூட்டிய சத்தம் அன்று காதுக்கு இனிமையாகக் கேட்டது.

சக்கரத்தைக் கழற்றினார்கள். டை கண்ணில் படவில்லை. தொண்டைக்குள் பார்க்கிற சின்ன டார்ச்சை அடித்து, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துத் தேடினாள். உச்சியில் போய், இரும்புக் கிண்ணத்துக்குள் நசுங்கிக் கிடந்தது டை. ரப்பர் கட்டையைக் காணோம். அது இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் மட்டும், பிய்ந்துபோன காலணியின் மிச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. வலது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தாள். அங்கே ரப்பர் இருந்தது. ஆனால் கட்டைவிரல் நீளம்தான். கீழ்ப்பக்கம் கத்தியால் அறுத்தது மாதிரி நேராக இருந்தது.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். காலியாக இவ்வளவு, ஆளோடு இவ்வளவு என்று அளவும் எழுதினாள். அன்று சாயங்காலமே அவன் கூப்பிட்டான்.

"அந்த ஆளை ஏத்தாதேக்கா. அவன் ஏறினா எந்த வண்டிதான் தாங்கும்?"

அக்கா மெதுவாகத்தான் பேசினாள். அவள் மெதுவாகப் பேசினால் வீட்டில் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள்.

"காருல நாலு சீட்டு இருக்குடா. நாலு சீட்டுலயும் மனுஷன் உக்காரலாம்னுதான் வச்சிருக்கான். இன்னைக்கு அவன். நாளைக்கு நான் ஒரு பேஷண்டைத் தூக்கிப் போட்டுட்டு ஓடணும்னா, ஏறுறதுக்கு முன்னாடி எடை பாக்கவா?"

ரப்பர் எப்படி அறுந்தது என்று கேட்டாள். இறக்கினபிறகு இடம் போதவில்லை, அதனால் இரண்டு பக்கமும் ரப்பரில் பாதியை அறுத்துவிட்டேன் என்றான். எல்லோரும் செய்வதுதான், இடது பக்கம் மிச்சமிருந்த பாதி இப்போது இடிபட்டே பிய்ந்திருக்கும் என்றான்.

"அப்போ உனக்கு இடிக்கும்னு தெரியும்."

"எப்பவாவதுதான்க்கா. பசங்களோட போறப்போ எனக்கும் கேக்கும். பாட்டுச் சத்தத்தை ஏத்தி வச்சிடுவேன்."

வேகமாக ஓட்டுகிறாய், பள்ளம் பார்க்கத் தெரியவில்லை என்று அவன் சொன்னதையெல்லாம் நம்பி, இத்தனை வாரமாக ஒவ்வொரு குழியிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறாள். காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போகிறேன், நீ வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். ஒரு மணிநேரம் கழித்து அவனிடமிருந்து ஒரே வரி வந்தது. ரெண்டு சென்டிமீட்டர் மட்டும் ஏத்திக்கோ. அவள் பதில் போடவில்லை. அளந்தவள் அவள். மூன்றரை வேண்டும்.

டையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குத் தனியாகப் போனாள். ஒர்க்‌ஷாப்காரர் சார் வரலையா என்று கேட்டார். அவள் நசுங்கின டையை அவர் மேசைமேல் வைத்து, அது எங்கே இருந்தது, என்ன எடையில், எந்தக் குழியில் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து டார்ச்சோடு காருக்கு அடியில் போனார். ரொம்பநேரம் வரவில்லை. வெளியே வந்து, அவளிடமே நேராகச் சொன்னார், ரப்பர் இல்லம்மா என்று. அதைத்தான் நானும் சொன்னேன் என்றாள் அக்கா. உயரத்தைக் கூட்டுவது ஒருமணி நேர வேலை, ஆனால் ரப்பர் வெளியிலிருந்து வரவேண்டும், பத்து நாளாகும், ரப்பர் இல்லாமல் ஏற்றுவதில் அர்த்தமில்லை, அதுவரைக்கும் முன்பக்கம் இடதில் பாரம் வைக்காதீர்கள் என்றார்.

பத்து நாளில் இரண்டு செவ்வாய், ஒரு வெள்ளி.

முதல் செவ்வாயன்று இடது சீட்டில் மருந்துப் பெட்டியை வைத்துக்கொண்டு போனாள். பிசியோ கதவைத் திறந்து பெட்டியைப் பார்த்தான். சலைன் பாட்டில் உருண்டு உடைகிறது, அதனால் முன்னாடி வைத்திருக்கிறேன், நீ பின்னாடி என் சீட்டுக்குப் பின்னால் உட்கார் என்றாள். சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. நோயாளியிடம் புற்று என்று முகத்துக்கு நேரே சொல்கிறவள். இவனிடம் பாட்டில் கதை விடுகிறாள். அவன் ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏறினான். தலை கூரையில் இடித்தது. முழங்கால் இரண்டும் அவள் சீட் முதுகை அழுத்தின. இரண்டு தெரு தாண்டினபிறகு கேட்டான்.

"அந்தச் சத்தம் என்னாலதானேக்கா?"

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"சத்தம் ஆரம்பிச்ச முதல் நாளே கேட்டுச்சு. நான் உக்காந்திருக்கிற பக்கம்தான் வருதுன்னும் தெரியும். பள்ளம் வர்றப்போ மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சு ஒடம்பைக் கொஞ்சம் தூக்கிக்குவேன். அப்பவும் வந்துச்சு."

அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வருவதை அவள் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். தன் ஓட்டுதலுக்குப் பயந்து பிடிக்கிறான் என்று நினைத்திருந்தாள். அதனால் இன்னும் மெதுவாக ஓட்டினாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து தன்னையே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள், கப்பலில் ஒருவன் நிம்மதியாக இருக்கிறான். அவளுக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. கேன்களை வைத்து அவனுக்குத் தெரியாமல் பரிசோதித்த தன் மேலும் கோபம் வந்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டில் எழுதியது, தண்ணீர்க் கேன், டை, தம்பி அறுத்த ரப்பர். "நீ இல்லடா காரணம். அதுல இருக்கவேண்டிய பொருள் இல்ல. இல்லாததை இல்லன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரல, எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள். ரப்பர் இருந்திருந்தால் உன்னை மாதிரி இரண்டு பேர் உட்கார்ந்தாலும் சத்தம் வந்திருக்காது என்று சொல்ல வாயெடுத்து, அது ஆறுதலா இல்லையா என்று தெரியாமல் விட்டுவிட்டாள். எத்தனை கேன் வைத்தீர்கள் என்று அவன் கேட்டான். ஐந்து என்றாள். "ஒண்ணு குறைச்சுட்டீங்க" என்றான். அதைச் சிரிக்காமல் சொன்னான். அவளும் சிரிக்கவில்லை. கண்டக்டர் வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனார்கள்.

பத்து நாள் என்றது பதினான்கு நாளாயிற்று. ரப்பர் வந்தது, அதுவும் ஒரு பக்கத்துக்குத் தப்பான அளவில். அதை மாற்றிவர இன்னும் இரண்டு நாள். ஒருவழியாக மாட்டி, நாலு பக்கமும் மூன்றரை சென்டிமீட்டர் ஏற்றினார்கள். அவள் அங்கேயே நின்று, ஆறு கேன் வைத்து ஓட்டிப்பார்த்து, டையைப் பார்த்தபிறகுதான் கிளம்பினாள். இடது பக்கம் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தது. அவள் சாவியை வாங்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நின்ற வேறொரு கார்க்காரரிடம் ஒர்க்‌ஷாப்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். இறக்கின வண்டியில் இதுதான் சார் பிரச்சினை, காலியாக ஓட்டினால் தெரியாது, பாரம் வைத்து டை கட்டிப் பார்த்தால்தான் தெரியும், இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு எவ்வளவு நாளாயிற்று தெரியுமா என்று. அக்கா திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, இன்னும் மூன்று வீடு பாக்கி.

கார் சத்தமில்லாமல் ஓடியது. பிசியோ முன்சீட்டில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சர்க்கரைப் புண்காரர் வீட்டுச் சரிவில் கார் தானாகவே ஏறியது. அவர் மருமகள் வெளியே வந்து, வேறு கார் வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். தம்பி இரண்டு ஞாயிறு கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு கூப்பிட்டு, எல்லாரும் சௌக்கியமா என்று பொதுவாகப் பேசிவிட்டு, கடைசியில் காரின் போட்டோ ஒன்று கேட்டான். பக்கவாட்டில் நின்று எடுத்து அனுப்பினாள். ஆட்டுக்கல்லில் ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது என்று எழுதினான். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வாரம், டயர் காற்று எவ்வளவு வைக்கவேண்டும் என்று அவனாகவே சொன்னான்.

ஆனால் உயரம் மாறினதில் சக்கரங்களின் நேர்க்கோடு விலகிவிட்டது. நேரே போக ஸ்டியரிங்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடிக்கவேண்டியிருந்தது. விட்டால் கார் தானாக இடப்பக்கம் ஒதுங்கிப்போனது. இதை ஏற்றும்போதே சொல்லியிருக்கவேண்டும், ஒர்க்‌ஷாப்காரர் சொல்லவில்லை. கேட்டதற்கு, அது வேறு கடை வேலைம்மா என்றார். அந்தக் கடை ஊருக்கு அந்தக் கடைசி. டோக்கன் போட்டு உட்காரவேண்டும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாலு கார். போன் மூன்றாவது முறையாக அடித்தது, சர்க்கரைப் புண்காரரின் மருமகள், எப்போ வருவீங்கக்கா என்று. வந்துகிட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, மீதியிருந்த பஞ்சை எண்ண ஆரம்பித்தாள்.